15 ஆண்டு நிறையும் எஸ்.எல்.கே.: செலவு செய்து வைத்துக்கொள்வதா, இப்போதே விற்பதா?

ஃபேர்லேண்ட்ஸ் வாசி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2011 ஜனவரியில் பதிவான மெர்சிடஸ் எஸ்.எல்.கே. 200 கம்ப்ரசர். இரண்டே இருக்கை, மடங்கி டிக்கிக்குள் போய் அமரும் இரும்புக் கூரை, 1,796 சி.சி. சூப்பர்சார்ஜர் எஞ்சின், 184 குதிரைத்திறன், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். சென்னையில் ஒரு மருத்துவரிடமிருந்து வாங்கி, சேலம் முகவரிக்குப் பெயர் மாற்றம் செய்தேன். நான் இரண்டாவது உரிமையாளர். சர்வீஸ் ரசீதுகள் முதல் நாளிலிருந்து முழுமையாக இருக்கின்றன. சாவி இரண்டும் கையில் உள்ளன.

இப்போது மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. 2026 ஜனவரியோடு ஆர்.சி. (பதிவுச் சான்று) காலாவதியாகிறது. காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து சில விநாடிகளுக்குச் சடசடவென்று ஒரு சத்தம் வந்து, பிறகு தானாக அடங்கிவிடுகிறது. மேலும், கூரை சில நாட்களில் பாதி மடங்கி அப்படியே நின்றுவிடுகிறது. பெங்களூரில் ஒரு பட்டறையில் காட்டியதில் டைமிங் செயின் (எஞ்சினின் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலி), கேம்ஷாஃப்ட் அட்ஜஸ்டர் (அந்த நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகம்), கூரையின் ஹைட்ராலிக் சிலிண்டர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, மூன்றரை லட்சத்துக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். அதே ஊரில் பழைய கார் வாங்கி விற்கும் ஒருவர், வண்டியை இருக்கிற நிலையிலேயே பதினொரு லட்சத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

கணக்குப் போட்டால் விற்பதுதான் சரி என்று தோன்றுகிறது. ஆனால் இந்த வண்டியை நான் கணக்குப் போட்டு வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கோரிமேடு தாண்டி, ஏற்காடு மலையின் அடிவாரத்தில் ஆரம்பித்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கூரையைத் திறந்துவிட்டு ஏறுவது எனக்கு வாரம் முழுவதற்குமான தெம்பைத் தருகிறது. கோடை மழை பெய்து காப்பி பூத்திருக்கும் நாட்களில் அந்த வாசனை வண்டிக்குள் நிறைவதை மூடிய காரில் போகிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. என் மனைவிக்கு மூட்டுவலி வந்த பிறகு இவ்வளவு தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து எழுவது சிரமமாகிவிட்டதால் அவர் இதில் வருவதை நிறுத்திவிட்டார். ஆகவே இனி இது நான் ஒருவன் மட்டும் ஓட்டும் வண்டி. வீட்டுத் தேவைக்கு வேறு கார் இருக்கிறது.

வைத்துக்கொண்டால் அடுத்த ஐந்தாண்டுகளில் இன்னும் என்னென்ன செலவு வரும், விற்றால் ஆர்.சி. புதுப்பிப்பதற்கு முன்பா பின்பா, செயின் வேலையைப் பெங்களூரில்தான் செய்ய வேண்டுமா என்பதையெல்லாம் அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சூரமங்கலம் பட்டறை:

ஐயா, வணக்கம். இதே எஞ்சின் உள்ள சி-கிளாஸ் வண்டிகளை நான் தொடர்ந்து பார்க்கிறேன். எஸ்.எல்.கே.வில் இருக்கும் எம்271 எஞ்சின் அந்தக் காலத்தில் மெர்சிடஸின் பல மாடல்களுக்குப் பொதுவானது என்பதால், உங்கள் வண்டி அபூர்வமாக இருந்தாலும் எஞ்சின் அபூர்வமல்ல. பாகங்கள் கிடைக்கும், வேலை தெரிந்த ஆட்களும் கிடைப்பார்கள். உங்களுக்குக் கவலை தர வேண்டியது எஞ்சினைவிடக் கூரை, கதவு ரப்பர், உள் அலங்காரப் பாகங்கள் போன்ற எஸ்.எல்.கே.வுக்கு மட்டுமே உரியவைதான்.

நீங்கள் சொல்லும் சத்தம் இந்த எஞ்சினில் பெயர் பெற்றது. இரவு முழுவதும் நின்ற எஞ்சினில் ஆயில் கீழே இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் அழுத்தம் ஏறும்வரை அட்ஜஸ்டரும் செயினும் தளர்ந்து ஆடும். நாளடைவில் செயின் நீள்கிறது, அட்ஜஸ்டரின் பற்கள் தேய்கின்றன. இந்த நிலையில் செயின் ஒரு பல் தாண்டிவிட்டால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதன்பின் எஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவு, உங்களுக்குச் சொன்ன மூன்றரை லட்சத்தோடு நிற்காது. ஆகையால் விற்பதா வைப்பதா என்று யோசிக்கும் காலத்திலும் இந்தச் சத்தத்தோடு ஏற்காடு ஏற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதே சமயம் சத்தத்தை மட்டும் கேட்டு முழு எஸ்டிமேட்டையும் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். வால்வ் கவரைக் கழற்றி, கிராங்க்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) மேல்நிலையில் நிறுத்தி, கேம்ஷாஃப்ட் குறிகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்த்தாலே செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். இது ஒரு காலை வேலை. குறி விலகாமல் பற்கள் மட்டும் தேய்ந்திருக்கலாம், இரண்டும் போயிருக்கலாம். எதுவானாலும் கண்ணால் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். மாற்றுவதென்று வந்தால் செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், இரண்டு அட்ஜஸ்டர் ஆகியவற்றை ஒரே சமயத்தில் மாற்றிவிடுவதுதான் முறை, ஏனென்றால் தேய்ந்த பல்லின்மேல் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் கெட்டுவிடும்.

கவர் கழன்றிருக்கும்போதே இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினின் முன்பக்கத்தில் கேம்ஷாஃப்ட் அட்ஜஸ்டருக்கென இரண்டு காந்தங்கள் இருக்கின்றன. அவற்றின் உள் சீல் கெட்டால் ஆயில் பிளக் வழியாகக் கசிந்து, வயரின் உறைக்குள்ளேயே மெல்ல மெல்ல ஏறி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ வரைக்கும் போய்விடும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. காந்தத்தின் பிளக்கைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியால் அந்த ஊசிகளைத் துடைத்துப் பாருங்கள். துணியில் பழுப்புக் கறை வந்தால் காந்தங்களை உடனே மாற்ற வேண்டும். காந்தத்துக்கும் வயரிங்குக்கும் இடையில் ஒரு சிறு துண்டு வயர் போட்டுவிட்டால், பின்னொரு நாள் கசிந்தாலும் ஆயில் அந்தத் துண்டோடு நின்றுவிடும். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற இந்த வேலையைக் கவனிக்காமல் விட்டு, முழு வயரிங்கையும் ஈசியூவையும் மாற்ற வேண்டிவந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். வண்டியை விற்பதானாலும் இதைப் பார்த்துவிட்டு விற்பது வாங்குபவருக்குச் செய்யும் நியாயம்.

கூரையைப் பொறுத்தவரை, முதலில் ஹைட்ராலிக் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். பாதியில் நிற்பதற்கு ஆயில் குறைவு, சிலிண்டர் சீல் கசிவு, பேட்டரி பலவீனம், டிக்கிக்குள் உள்ள தடுப்புத் திரை சரியாக மாட்டப்படாதது என்று பல காரணங்கள் உண்டு. சிலிண்டரை மாற்றாமல் அதன் சீலை மட்டும் மாற்றித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். செலவு வெகுவாகக் குறையும். பேட்டரி பழையதாக இருந்தால் அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

மலைக்கு ஓட்டுபவர் என்பதால் பிரேக் ஆயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். இருபது வளைவிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், கீழே வரும்போது ஆயில் கொதித்துப் பெடல் இறங்கிவிட வாய்ப்புண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள். இறங்கும்போது கியர் நெம்புகோலை இடப்பக்கம் தட்டிக் குறைந்த கியரில் வாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1419 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 14ஆம் வாரம் தயாரானது என்று பொருள். பூ தேயாமல் இருந்தாலும் ஆறேழு வருடம் ஆன ரப்பர் மலைப்பாதைக்கு உகந்ததல்ல. உங்கள் வண்டியில் முன் டயரும் பின் டயரும் வேறு வேறு அளவு என்பதால் இடம் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டவும் முடியாது.

கண்ணங்குறிச்சி ரவுண்டானா:

எத்தனாலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இப்போது பங்க்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 2011 வண்டியின் ரப்பர் குழாய்களும் சீல்களும் இதற்காகத் தயாரானவை அல்ல. தினமும் ஓடும் வண்டியில் பாதிப்பு மெதுவாகத்தான் தெரியும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் எத்தனால் ஈரத்தை இழுத்து டேங்கின் அடியில் தங்கும். வைத்துக்கொள்வதானால் வாரம் ஒருமுறையாவது எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். எரிபொருள் குழாய்களை ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுங்கள்.

அஸ்தம்பட்டி வழக்கறிஞர்:

ஐயா, வண்டியின் நிலையைப் பற்றி மற்றவர்கள் சொல்கிறார்கள். நான் காகிதங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் முடிவுக்கான கால அவகாசத்தை நிர்ணயிப்பது அவைதான்.

பதினைந்து ஆண்டு முடிந்த சொந்தக் காரை ஓட்டவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தில்லிப் பகுதிக்கு நீதிமன்ற உத்தரவுகளால் வந்த நிலைமை. தமிழ்நாட்டில் வண்டி எஃப்.சி. எனும் தகுதிப் பரிசோதனையில் தேறினால் ஐந்து ஆண்டுக்கு ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொள்ளலாம். அதற்குப் படிவம் 25. காலாவதி நாளுக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் உங்களுக்கு நவம்பரிலேயே வாசல் திறந்துவிடுகிறது. பசுமை வரியும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

கட்டணத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல், சாதாரணக் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். இறக்குமதி செய்யப்பட்ட நான்கு சக்கர வாகனத்துக்கு 40,000 ரூபாய். உங்கள் கார் ஜெர்மனியில் பிரெமன் ஆலையில் முழுமையாகத் தயாராகி வந்தது. ஆர்.சி. விவரங்களில் இறக்குமதி வாகனம் என்று பதிவாகியிருக்கிறதா என்பதை அரசின் வாகன் இணையதளத்தில் இப்போதே பார்த்துவிடுங்கள், அலுவலகத்தில் வரிசையில் நிற்கும்போது தெரியவந்து தடுமாற வேண்டாம். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி, இருபது ஆண்டைத் தாண்டிய இறக்குமதிக் காருக்கு இந்தக் கட்டணம் 80,000 ரூபாய். எனவே 2031இல் மறுபடியும் இதே கேள்வி இரண்டு மடங்கு கட்டணத்தோடு வரும். ஐந்தாண்டுக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாமதமாக விண்ணப்பித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல்.

அந்த 500 ரூபாய் பெரிய தொகையாகத் தெரியாததால் பலர் ஆர்.சி.யைக் காலாவதியாக விட்டு வண்டியை ஷெட்டில் நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான ஆபத்து காப்பீட்டில் இருக்கிறது. தற்காலிகப் பதிவு காலாவதியாகி, நிரந்தரப் பதிவும் செய்யாமல் ஓட்டப்பட்ட ஒரு கார், வெளியூரில் நிறுத்தியிருந்த இடத்தில் திருடுபோன வழக்கில், காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செல்லுபடியாகும் பதிவு இல்லாமல் சாலையில் எடுத்த வண்டிக்கு நீங்கள் கட்டிய பிரீமியம் எந்த அளவுக்கு உதவும் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். பாலிசி புதுப்பிக்கும்போது காப்பீட்டு மதிப்பையும் பாருங்கள். ஐந்தாண்டைத் தாண்டிய வண்டிக்கு அது நிறுவனமும் நீங்களும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகை. பிரீமியம் குறைய வேண்டுமென்று அதை மிகவும் இறக்கிப் போட்டால், பழுதுச் செலவு அந்த மதிப்பின் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் வண்டியை முழு நஷ்டம் என்று எழுதிவிடுவார்கள். உங்கள் காரின் ஒரு முன் பம்பரும் இரண்டு விளக்கும் உடைந்தாலே அந்த வரம்பை நெருங்கிவிடக்கூடும்.

விற்பதாக இருந்தால், பெங்களூர் வியாபாரியிடம் வண்டியைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களையும் கொடுத்தனுப்பும் வழக்கத்துக்குத் தயவுசெய்து உடன்பட வேண்டாம். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்றும், வண்டி பல கை மாறியிருந்தாலும் விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையதே என்றும் 2018இல் நவீன்குமார் எதிர் விஜயகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தனி நபருக்கு விற்றால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் பூர்த்தி செய்து பெயர் மாறும்வரை பின்தொடருங்கள். வியாபாரிக்குக் கொடுத்தால், அவர் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதியின்படி அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். பெற்றவராக இருந்தால் படிவம் 29சி மூலம் ஒப்படைப்பைப் பதிவு செய்யலாம். அதன்பின் பொறுப்பு அவருடையது. கர்நாடகத்தில் மறுபதிவு என்றால் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28 வேண்டும், அங்கே வரியும் புதிதாகக் கட்ட வேண்டும். அந்த வரியை உங்கள் விலையில் கழித்துத்தான் அவர் பதினொரு லட்சம் என்று சொல்லியிருப்பார். தமிழ்நாட்டுக்குள்ளேயே வாங்குபவர் கிடைத்தால் அந்தக் கழிவுக்கு இடமில்லை. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கார் என்பதால் விற்பனையில் மூலதன ஆதாய வரிப் பிரச்சினை உங்களுக்கு எழாது.

நாகலூர் தோட்டம்:

நான் விற்றுவிடுங்கள் என்று சொல்பவன். காரணத்தையும் சொல்கிறேன்.

ஏற்காட்டில் வீடு இருப்பவன் என்ற முறையில், இந்த மாதிரி வண்டிக்கு மலை எவ்வளவு பிடிக்காது என்பதைத் தினமும் பார்க்கிறேன். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் பனிமூட்டம் விலகாது. சில்வர் ஓக் இலைகள் கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகால் துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மின்பெட்டிகள் இருக்கும் பக்கம் தேங்கும். மடங்கும் கூரை உள்ள வண்டியில் ரப்பர் விளிம்புகள் வேறு வயதாகி இறுகிவிடும். மலையில் ஓர் இரவு நிறுத்தினால் எலி ஏறி வயரைக் கடிக்கும். என்னிடம் இருந்த இரண்டு கதவு ஜெர்மன் காரில் இவை எல்லாமே நடந்தன. ஒவ்வொன்றையும் சரிசெய்தேன், ஆனால் சரிசெய்யச் சரிசெய்ய ஓட்டும் நாட்கள் குறைந்து, பாகத்துக்குக் காத்திருக்கும் நாட்கள் கூடின. ஒரு கதவு ரப்பருக்காக மழைக்காலம் முழுவதும் வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது.

சூரமங்கலம் நண்பர் சொன்ன எஞ்சின் வேலைகள் நியாயமானவை. ஆனால் இந்த வயதில் எஞ்சினோடு கதை முடிவதில்லை. சீட்டில் ஆள் இருப்பதை அறியும் சென்சார், ஸ்டீயரிங் பூட்டு, சாவியை அடையாளம் காணும் யூனிட் என்று மின்னணுப் பாகங்கள் ஒவ்வொன்றாகக் கை விரிக்கும் பருவம் இது. அண்ணன் இதை ஞாயிற்றுக்கிழமை மகிழ்ச்சிக்காக வைத்திருக்கிறார். வீட்டில் இருப்பவர்களும் இப்போது உடன் வருவதில்லை. அந்த மகிழ்ச்சி வேறு ஒரு சிறிய, புதிய, எளிதில் பழுது பார்க்கக்கூடிய வண்டியிலும் கிடைக்கும். வண்டி ஓடும் நிலையில், காகிதம் உயிரோடு இருக்கும்போது விற்பவருக்குத்தான் விலை. ஜனவரிக்குப் பிறகு அதே வியாபாரி ஏழு லட்சம் என்று சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது.

சூரமங்கலம் பட்டறை:

நாகலூர் அண்ணன் சொல்வதில் எனக்கு ஒரு இடத்தில் மட்டும் மாற்றுக் கருத்து. அவர் வண்டி மலையிலேயே நின்ற வண்டி. ஐயாவுடையது சேலத்தில், வெயில் காயும் ஊரில், மூடிய கொட்டகையில் நிற்கிறது. மலைக்குப் போய்விட்டு மதியத்துக்குள் இறங்கிவிடுகிறது. இரண்டும் ஒரே மாதிரி மூப்படையாது. மின்னணுப் பாகங்கள் விஷயத்தில் அவர் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். அதற்கென ஆண்டுக்கு ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைக்க முடியாவிட்டால் வண்டியை வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஃபேர்லேண்ட்ஸ் வாசி:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் என் நன்றி. வழக்கறிஞர் அம்மா சொன்னபடி வாகன் தளத்தில் பார்த்தேன். இறக்குமதி வாகனம் என்றுதான் பதிவாகியிருக்கிறது. ஆக 40,000 ரூபாய் உறுதி.

எல்லாவற்றையும் படித்த பிறகு, முடிவை வால்வ் கவருக்குக் கீழே இருப்பதைப் பார்த்துவிட்டு எடுப்பதென்று தீர்மானித்திருக்கிறேன். செயின் குறிகள் சிறிதளவே விலகியிருந்து, காந்தப் பிளக்குகளில் ஆயில் இல்லாமல் இருந்தால், செயின் வேலையைச் செய்து, கூரைக்கு சீல் மட்டும் மாற்றி, நவம்பரில் படிவம் 25 போட்டு வைத்துக்கொள்வேன். வயரிங்குக்குள் ஆயில் ஏறியிருந்தால், அதை மறைக்காமல் எழுதிக் கொடுத்து, ஆர்.சி. உயிரோடு இருக்கும்போதே தமிழ்நாட்டுக்குள் வாங்குபவரைத் தேடுவேன். விலை குறைந்தாலும் பரவாயில்லை. நாகலூர் நண்பர் சொன்ன சிறிய வண்டி யோசனையை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் கூரை திறக்கும் வண்டியில் அந்த மலை ஏறிப் பழகிய எனக்கு, செலவைத் தாங்க முடிகிற வரையில் இதை விட்டுக்கொடுக்க மனமில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

சூரமங்கலம் நண்பரே, வரும் வியாழக்கிழமை வண்டியை உங்களிடமே கொண்டுவரலாமா? எத்தனை மணிக்கு வர வேண்டும்?

சூரமங்கலம் பட்டறை:

தாராளமாகக் கொண்டுவாருங்கள் ஐயா. ஆனால் வியாழன் காலையில் ஓட்டி வராமல் புதன் மாலையிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். சூடான எஞ்சினில் அந்தச் சத்தம் கேட்காது. இரவு முழுவதும் ஆறிய பிறகு, காலை முதல் ஸ்டார்ட்டில் நீங்களும் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். சர்வீஸ் ரசீதுகளையும் கையோடு கொண்டுவாருங்கள். கடைசி மூன்று முறை எந்த ஆயில் ஊற்றினார்கள், மெர்சிடஸ் குறிப்பிடும் 229.5 தரம்தானா என்பதைப் பார்த்துவிட்டுக் கவரைக் கழற்றுகிறேன்.